பாற்கடலில் நான் விழுங்கிய எட்டு பார்

இசை நோட்ஸ் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன மாதம் உங்கள் ஸ்டுடியோவுக்கு என்னைக் கூப்பிட்டு, நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டு, "உங்க அனுபவத்தச் சொல்லுங்கம்மா" என்று கேட்டீர்கள். நான் பொதுவாக நாலு வார்த்தை பேசினேன், நீங்கள் வாங்கி வைத்த போண்டாவைச் சாப்பிட்டேன், பஸ் ஏறி வந்துவிட்டேன். சொல்ல வேண்டிய விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. இத்தனை வயதிலும் அதைச் சொல்ல வாய் கூசியது. எழுதினால் கூச்சம் கொஞ்சம் குறைகிறது, அதனால் எழுதுகிறேன்.

உங்களுக்கு என்ன, கம்ப்யூட்டர் இருக்கிறது. எல்லா வாத்தியமும் சேர்ந்த முழு ஸ்கோரை ஏற்றிவிட்டால் வயலினுக்குத் தனி, புல்லாங்குழலுக்குத் தனி, ட்ரம்பெட்டுக்குத் தனி என்று அதுவே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. நாங்கள் கையால் எழுதினோம். பகலில் எனக்குக் காந்திபுரத்தில் ஓர் இசைக்கருவிக் கடையில் வேலை. கடையின் பின்பக்கம் ஆர்மோனியப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். ஒரு கண் ஸ்கோரில், ஒரு கண் வாடிக்கையாளரில், கை தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும்.

இதை உங்கள் வீட்டார் யாராவது எடுத்துப் படிக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு வரி. "பார்" என்றால் தாளத்தின் ஒரு சுற்று. ஒரு வாத்தியக்காரர் வாசிக்காமல் காத்திருக்க வேண்டிய இடத்தில், எத்தனை பார் காத்திருக்க வேண்டும் என்று அவருடைய தாளில் எண் போட்டுக் கொடுப்போம். வாசிப்பதை யாரும் எழுதிவிடலாம். சும்மா இருப்பதைச் சரியாக எழுதுவதில்தான் எங்கள் பிழைப்பே இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் மெல்லிசைக் குழுவுக்குப் பஞ்சம் கிடையாது. எந்தக் கோயில் விழாவுக்குப் போனாலும் சினிமாப் பாட்டுதான். அந்த ஊரில், பாட்டே இல்லாமல் வெறும் வாத்தியங்களை வைத்து நாற்பது நிமிடம் ஒரு புராணத்தைச் சொல்ல வேண்டும் என்று ஒருவர் கிளம்பினார். தாராபுரத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். தோட்டத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம். இங்கும் சார் என்றே இருக்கட்டும்.

அவர் எடுத்துக்கொண்டது பாற்கடல் கடைந்த கதை. தேவர்களும் அசுரர்களும் மலையை மத்தாக்கி, பாம்பைக் கயிறாக்கி, அமுதத்துக்காகக் கடைகிறார்கள். அமுதத்துக்கு முன்னால் ஆலகால விஷம் பொங்கி வருகிறது. சிவன் அதை விழுங்குகிறார், அது தொண்டையில் நின்றுவிடுகிறது. சாருக்கு அமுதத்தின் மேல் பெரிய ஆசை இல்லை. அவருடைய மொத்த மனசும் அந்தத் தொண்டையில்தான் இருந்தது.

"கீழ எறங்குனாலும் போச்சு, வெளிய வந்தாலும் போச்சுங்க அம்மணி. அந்த எடத்துல ஒலகமே மூச்சப் புடிச்சுட்டு நிக்குது. அத வாசிச்சுக் காட்டிப்போட்டா எனக்குப் போதும்" என்பார்.

கடைகிற பகுதிக்கு இருபது வயலினும் எட்டுத் துடும்பும் வைத்திருந்தார். துடும்பு தெரியுமல்லவா, நம் பக்கத்துக் கோயில் விழாவில் நெஞ்சுக்கூடு அதிர அடிப்பார்களே, அந்தப் பெரிய மேளம்தான். கருமத்தம்பட்டிப் பக்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். மற்ற நாளில் விசைத்தறியில் வேலை, விழா நாளில் துடும்பு. கடைந்து கடைந்து உச்சத்துக்குப் போனதும் எல்லாம் சட்டென்று நிற்கும். வயலின்கள் மட்டும் ஒரே ஒரு மெல்லிய சுரத்தைப் பிடித்துக்கொண்டு பதினாறு பார் நிற்கும். அந்தப் பதினாறும் முடிந்த பிறகுதான் அதன்மேல் தாழ்ந்த குரலில், தனியாக, ஒரு ட்ரம்பெட் வரும். அதுதான் தொண்டையில் நின்ற விஷம்.

தாளில் எழுதிய நொட்டேஷனைப் பார்த்து வாசிக்கிற ட்ரம்பெட்காரர் ஒருவர் இருந்தார், அவர் வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அப்போது நான்தான் காதர் பாயின் பெயரைச் சொன்னேன். உக்கடத்தில் பித்தளைப் பாத்திரப் பட்டறை வைத்திருந்தவர். கல்யாண பேண்டில் ட்ரம்பெட் ஊதுவார். எங்கள் கடைக்கு நசுங்கி வருகிற பித்தளை வாத்தியங்களை அவர்தான் தட்டிச் சரிசெய்து தருவார். சரியாகிவிட்டதா என்று பார்க்க நாலு சுரம் ஊதுவார் பாருங்கள், கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிவிடுவார்கள். அவருக்குக் காதுதான் பள்ளிக்கூடம். நொட்டேஷன் ஒரு எழுத்துத் தெரியாது.

நான் சொல்லிக்கொடுத்தேன். நாலு மாதம், தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அந்தப் பின்மேஜையில். என்னைவிட அவருக்கு வயது அதிகம், வாசிப்பில் அனுபவமும் அதிகம். ஆனாலும் பேனா என் கையில் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. அவர் தாளைப் பார்க்காமல் காதால் பிடித்து வாசிக்கும்போதெல்லாம் மேஜையைத் தட்டுவேன்.

"பாய், உங்க காத மூட்டை கட்டி ஓரமா வெச்சுருங்க. பேப்பர்ல இருக்கறதுதான் சட்டமுங்க."

"சரிங்க தங்கச்சி" என்பார். அந்த மனிதர் நிஜமாகவே மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

கச்சேரிக்கு முந்தைய ஞாயிறு முழு ஒத்திகை. அதுவரை வயலின்காரர்கள் தனியாக, துடும்புக்காரர்கள் தனியாகத்தான் வாசித்துப் பார்த்திருந்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தது அன்றுதான். அரங்கத்தை ஏற்பாடு செய்திருந்த மில் முதலாளியும் வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். கல்யாண பேண்டு ஆளை எதற்கு இதில் சேர்த்தீர்கள் என்று அவர் சாரிடம் ஏற்கெனவே கேட்டிருந்தார். சார் அடிக்கொரு தரம் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

கடைதல் முடிந்தது. எல்லாம் நின்றது. வயலின்கள் அந்த மெல்லிய சுரத்தைப் பிடித்தன. எட்டு பார் போனது. காதர் பாய் ட்ரம்பெட்டை எடுத்தார், ஊதினார். வயலின்காரர்கள் திகைத்துத் திரும்பினார்கள், பாதிப் பேர் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எல்லாம் கலைந்துபோனது.

"இன்னொருக்கா" என்றார் சார்.

இரண்டாவது முறையும் எட்டு பார் முடிந்ததும் ஊதினார். மூன்றாவது முறையும் அப்படியே. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சார் தாளம் காட்டும் குச்சியை ஸ்டாண்டின் மேல் வீசினார்.

"ஏனுங்க, இதென்ன மாப்பிள்ளை ஊர்வலமுங்களா? நெனச்ச எடத்துல ஊதறதுக்கு? பதினாறு வரைக்கும் எண்ணத் தெரியாதுங்களா?"

யாரோ சிரித்தார்கள். காதர் பாய் தன் தாளை ஒருமுறை பார்த்தார். ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார், வணக்கம் சொன்னார், போய்விட்டார். கீபோர்டுக்காரர் எழுந்து, "சார், எங்கிட்ட ட்ரம்பெட் சவுண்டு இருக்குதுங்க, நானே வாசிச்சுப்போடறேன்" என்றார். சார் சரி என்றார். அந்தக் காலத்தில் எத்தனையோ பேருடைய வேலையை அந்தக் கீபோர்டுப் பெட்டி இப்படித்தான் எடுத்துக்கொண்டது.

அவர் விட்டுப்போன தாளை நான் எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில், அழகாக, எட்டு என்று போட்டிருந்தது. ஸ்கோரில் ஒரு பக்கத்தின் முடிவில் எட்டு பார், அடுத்த பக்கத்தின் தொடக்கத்தில் எட்டு பார். முதல் பக்கத்தை எழுதிவிட்டுத் திருப்பும்போது ஆர்மோனிய ரீடு கேட்டு ஒருவர் வந்தார். எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது, அடுத்த எட்டை விழுங்கிவிட்டேன்.

பிள்ளைகளே, அதுவரை நடந்தது வெறும் பிழை. யாருக்கும் வரும். அதற்கப்புறம் நான் செய்ததுதான் தப்பு. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சார் அந்த அறையில்தான் நின்றிருந்தார். சிரித்தவர்களும் அங்கேயே இருந்தார்கள். காதர் பாய் வாசலில் செருப்பைக்கூட மாட்டி முடித்திருக்க மாட்டார். ஒரு சத்தம் போட்டிருந்தால் திரும்பி வந்திருப்பார். நான் போடவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அச்சடிக்கிற நிகழ்ச்சி நிரலில் "பிரதி எழுதியவர்" என்று என் பெயரும் வருவதாக இருந்தது. இத்தனை வருடத்தில் என் பெயர் எதிலும் வந்ததில்லை. அதை விட மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அதே சாப்பாட்டு நேரத்தில், அவர் கடைக்கு வந்தார். சரிசெய்த டிராம்போன் ஒன்றைத் திருப்பித் தர வந்திருந்தார். மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. அது தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

நான் டிராம்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வயலினுக்காரங்க ஒத்திகைக்கு நான் கூப்பிடாமயே போயி, பின்னால உக்காந்து கேட்டிருக்கறேனுங்க. சாரு வாயால பாடிக் காட்டுவாரு. அப்பவே காதுக்குத் தெரியும், பதினாறுன்னு. கடுதாசி எட்டுன்னு சொல்லுச்சு. தங்கச்சி எழுதுனது எங்கீங்க தப்பாப் போகும், நம்ம காதுதான் பழைய பேண்டுக் காதுன்னு நெனச்சு, கடுதாசிய நம்பிப்போட்டேனுங்க. மூணு வாட்டியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்தேன். "கடுதாசிதானுங்க தப்பு பாய். நான்தான் தப்பா எழுதிப்போட்டேன்" என்றேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எப்பத் தெரியுமுங்க உங்களுக்கு?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேவா?"

"நீங்க போனதுமே பார்த்துட்டேனுங்க."

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் குரல் உயரவில்லை. "இதை எங்கிட்ட சொல்லி என்னங்க பிரயோசனம்? நான் வாங்குனது அத்தன பேருக்கு முன்னால" என்றார். வழக்கமாகக் குடிக்கிற டீயைக் குடிக்காமல் போய்விட்டார்.

புதன்கிழமை மாலை ஒத்திகையில், எல்லோரும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, நடுவில் போய் நின்றேன். தாளைத் தூக்கிக் காட்டி நடந்ததைச் சொன்னேன், மூன்று நாள் மறைத்ததையும் சேர்த்து. யாரும் சிரிக்கவில்லை. சார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "வேற எங்கெல்லாம் இப்படி இருக்குதுங்க?" என்று மட்டும் கேட்டார். நாற்பத்திரண்டு பேரின் தாளையும் ஸ்கோரோடு வைத்து மறுபடி சரிபார்க்கச் சொன்னார். நிகழ்ச்சி நிரலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். நியாயம்தான்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிழையைக் கண்டால், அது நடந்த அறையிலேயே, அதற்காக ஏச்சு வாங்கியவர் அங்கே இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். மூன்று நாள் கழித்து நான் சொன்னபோது கேட்டவர்கள் நாற்பது பேர். கேட்க வேண்டிய ஒருவர் உக்கடத்தில் அண்டா தட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் சார் தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பட்டறைக்குப் போனார். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொண்டேன். தட்டுகிற சத்தத்துக்கு நடுவில் சார் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"பாய், அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க. மன்னிச்சுக்குங்க. நீங்க வந்து வாசிக்கோணும்."

சத்தம் நின்றது. பட்டறையில் இருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காதர் பாய் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாரேனுங்க சார். ஆனா ஒண்ணு. எனக்குக் கடுதாசி வேண்டாமுங்க."

"பேப்பர் இல்லாம எப்படீங்க? மீதிப் பேரெல்லாம் அதப் பார்த்துத்தானுங்க வாசிக்கறாங்க."

"அவங்க வாசிக்கட்டுமுங்க. நான் அவங்களப் பார்த்துக்கறேன்."

சார் என்னைப் பார்த்தார். எனக்கு யோசனை சொல்லும் தகுதி மிச்சமில்லை, ஆனாலும் வாயைத் திறந்தேன். "அவரு காது சரீங்க சார். நான் எழுதுனதுதான் தப்பு" என்றேன். சார் சரி என்று தலையாட்டினார். இருந்தாலும் மனிதர் பயந்திருந்தார். கீபோர்டுக்காரர் ட்ரம்பெட் சவுண்டோடு தயாராக இருக்கட்டும், ஒருவேளை ஏதாவது ஆனால் அவர் வாசித்துவிடட்டும் என்று சொல்லிவைத்தார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு கல்லூரி அரங்கம். கூட்டம் வருமா என்று கவலைப்பட்டோம், நின்று பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. துடும்புக்காரர்களின் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். நான் மேடைக்கு ஓரத்தில், திரைக்குப் பின்னால், ஸ்கோரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

கடைதல் தொடங்கியது. வயலின்கள் இழுக்க இழுக்க, துடும்பு ஏற ஏற, வேன்காரர்களுக்குத் தாங்கவில்லை. ஒருவர் விசிலடித்தார். பிறகு இருபது பேர் அடித்தார்கள். துடும்புக்காரர்களின் வழக்கம் எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவே இல்லை. ஊர்க்காரன் விசிலடித்தால் இன்னொரு சுற்று அடித்துக் கொடுக்க வேண்டும், அடிக்காவிட்டால் அவனுக்கு அவமரியாதை. நிற்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், இன்னொரு சுற்றை ஆரம்பித்தார்கள்.

தாளை நம்பிய பாதி வயலின்கள் மெல்லிய சுரத்துக்குப் போய்விட்டன. மீதிப் பாதி பயந்துபோய்த் துடும்போடு மறுபடி கடையத் தொடங்கின. சாரின் குச்சி அந்தரத்தில் நின்றது, யாருக்கு எதைக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. என் கையில் இருந்த ஸ்கோரால் எனக்கு ஒரு உதவியும் இல்லை. நாலு மாதம் நான் சட்டம் சட்டம் என்று மேஜையைத் தட்டியது ஒரே விசிலில் காற்றில் போனது. கீபோர்டுக்காரர் பதினாறை எண்ணிக்கொண்டே வந்தார் போலிருக்கிறது, விரலைக் கட்டைக்கு மேலே கொண்டுபோனார்.

காதர் பாய் அவர் பக்கம் திரும்பாமலே, இடது கையை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினார். பொறுங்க என்று அர்த்தம். விரல் அப்படியே நின்றது.

துடும்பு தன் சுற்றை முடித்துக்கொண்டு நின்றது. கடைந்துகொண்டிருந்த வயலின்கள் ஒவ்வொன்றாக அந்த மெல்லிய சுரத்துக்கு வந்து சேர்ந்தன. கடைசியாக ஒரு வயலின் மட்டும் தடுமாறி, அதுவும் வந்து ஒட்டிக்கொண்டது. அரங்கமே அசையவில்லை. அது எத்தனையாவது பார் என்று மேடையில் ஒருவருக்கும் தெரியாது. காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். இனி வரமாட்டார் என்று நான் நினைத்துவிட்ட நேரத்தில், மூச்சை இழுத்து, தாழ்வாக, அந்த முதல் சுரத்தை ஊதினார்.

அதற்கப்புறம் யாருக்கும் குழப்பமே இல்லை. அவர் வந்த இடம்தான் இடம் என்று நாற்பது பேரும் பக்கத்தைப் புரட்டினார்கள். சாரின் குச்சி இறங்கி அவரைப் பின்தொடர்ந்தது. முன்வரிசையில் அந்த மில் முதலாளி வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் திரைத் துணியைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். அன்றைக்கு அந்த ட்ரம்பெட்டில் கேட்டது விஷமா அமுதமா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சார் ஸ்கோரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அம்மணி, நேத்து எத்தன பார் இருந்துச்சுங்க?"

"நான் எண்ணலீங்க சார்."

"நானும் எண்ணல" என்று சொல்லிவிட்டு, என் பேனாவை எடுத்துப் பதினாறு என்ற எண்ணை அடித்தார். அதற்கு மேலே தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினார்: காதர் வரும்வரை.

"அதெப்படீங்க சார்? நாளைக்கு வேற ஊர்ல, வேற ஆளு வாசிச்சா?"

"வாசிக்கட்டுமுங்க. அந்த நேரத்துக்கு அவங்க பேரும் காதர்னு வெச்சுக்கட்டும்."

நாற்பத்திரண்டு தாளிலும் எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இரண்டு வார்த்தையை எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது. எழுதி முடிக்கிற நாளில் காதர் பாய் வந்தார், ஏதோ ஒரு நசுங்கிய வாத்தியத்தை எடுத்துப்போக. ஒரு தாளை அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு அடுத்த தாளை எடுத்துப் பார்த்தார். வயலினுக்கும் அதுவே, புல்லாங்குழலுக்கும் அதுவே. பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, அந்த ஒத்திகைக்கு அப்புறம் முதல் தடவையாக.

"அப்ப நான் வராட்டி, இத்தன பேரும் அப்படியேவா நிப்பாங்க தங்கச்சி?"

"நிப்பாங்க பாய்" என்றேன். "எத்தன நேரமானாலும் நிப்பாங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீ சொல்லச் சொன்னார்.